சிறைகள் ஏன் நிரம்புகின்றன? தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமங்களில் நடக்கும் சட்ட விழிப்புணர்வு முகாம்களில் தன்னார்வலராக உட்காரும்போது, பட்டா, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு என்று தொடங்கும் பேச்சு எப்படியோ சிறைப் பக்கம் திரும்பிவிடுகிறது. பென்னாகரத்தில் எழும் சந்தேகமே தேன்கனிக்கோட்டையிலும் எழுகிறது. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கைதிகளின் எண்ணிக்கைகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் டிசம்பர் 31 நிலவரப்படி வெளியிடுபவை.

நம்ம நாட்டு ஜெயில்ல மொத்தம் எத்தனை பேரு இருக்காங்க? நெசமாவே கூடிக்கிட்டுத்தான் போகுதா?

2001-ல் சுமார் 3.13 லட்சமாக இருந்த கைதிகளின் எண்ணிக்கை 2015-ல் 4,19,623 ஆகவும், 2022-ல் 5,73,220 ஆகவும் உயர்ந்தது. 2022-ல் நாடு முழுவதும் இருந்த 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம் இருந்தது. அதாவது நூறு பேர் தங்க வேண்டிய இடத்தில் 131 பேர் தங்கியிருந்தனர். 2023-ன் இறுதியில் எண்ணிக்கை சுமார் 5.30 லட்சமாக இறங்கியது. ஆனாலும் இருக்கும் இடத்தைவிட அது அதிகமே.

இது ஒரே ஒரு நாளின் தலைக்கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் உள்ளே போய் வருபவர்களின் தொகை இதைவிடப் பல மடங்கு. 2021-ல் மட்டும் சுமார் 18 லட்சம் பேர் சிறைகளில் அடைக்கப்பட்டனர். பத்து நாள் இருந்துவிட்டு வந்தவரும் அதில் அடக்கம், பத்து ஆண்டு இருக்கப் போகிறவரும் அடக்கம்.

ஜனத்தொகை கூடுனா கைதிகளும் கூடத்தானே செய்வாங்க?

ஓரளவுக்குக் கூடுவார்கள். ஆனால் 2001-க்கும் 2022-க்கும் இடையில் மக்கள் தொகை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வளர்ந்தபோது, கைதிகளின் எண்ணிக்கை எண்பது சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. மீதியை மக்கள் தொகையின் கணக்கில் எழுத முடியாது.

அப்போ குற்றம் பெருகிப் போச்சுன்னுதானே அர்த்தம்?

பலரும் முதலில் சொல்லும் காரணம் இதுதான். எண்கள் இதற்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. மறைக்கவோ பதிவு செய்யாமல் விடவோ மிகக் கடினமான குற்றம் கொலை. 2001-ல் நாட்டில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகள் பதிவாயின. 2022-ல் பதிவானவை 28,522. கொலை குறைந்த அதே காலத்தில்தான் சிறை நிரம்பியது.

இதைப் புரிந்துகொள்ளக் கிருஷ்ணகிரி அருகே உள்ள கே.ஆர்.பி. அணையை நினைத்துக்கொண்டால் போதும். அணையில் நீர்மட்டம் ஏறுவதற்கு வரத்து அதிகரிக்க வேண்டும் என்பதில்லை. வரத்து அப்படியே இருந்து மதகை மூடிவிட்டாலும் மட்டம் ஏறும். சிறைக்கும் இரண்டு கணக்குகள் உண்டு: எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பது ஒன்று, போனவர் எத்தனை நாள் தங்குகிறார் என்பது மற்றொன்று. மேடைப் பேச்சில் முதல் கணக்கு மட்டும்தான் வருகிறது. என் கணிப்பில், நம் நாட்டில் கூட்டத்தைப் பெருக்கியதில் இரண்டாவது கணக்கின் பங்கே பெரிது. கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றியவையே.

விசாரணைக் கைதி, தண்டனைக் கைதின்னு பிரிக்கறாங்களே, இதுல யாரு கூடியிருக்காங்க?

நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகு உள்ளே இருப்பவர் தண்டனைக் கைதி. வழக்கு முடியாமல், ஜாமீனும் இல்லாமல் உள்ளே இருப்பவர் விசாரணைக் கைதி. முகாமில் நான் காகிதத்தில் எழுதிக் காட்டுவது நான்கே எண்களைத்தான். 2015-ல் தண்டனைக் கைதிகள் 1,34,168 பேர், விசாரணைக் கைதிகள் 2,82,076 பேர். 2022-ல் தண்டனைக் கைதிகள் 1,33,415 பேர், விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர்.

தண்டனை பெற்றவர்களின் எண்ணிக்கை இடையில் ஏறி இறங்கினாலும், ஏழு ஆண்டுகளின் முடிவில் ஏறத்தாழ தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. கூடிய ஒன்றரை லட்சம் பேரில் ஏறக்குறைய அனைவருமே விசாரணை முடியாதவர்கள். இந்தியச் சிறை நிரம்பியதற்குக் காரணம் தண்டனை அல்ல, காத்திருப்பு. நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்த நான்கு எண்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவதைக் கவனித்திருக்கிறேன்.

தப்பு பண்ணாதவனையா போலீஸ் புடிச்சுட்டுப் போகும்?

2022-ல் நாடு முழுவதும் விசாரணை முடிந்த இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளில் சுமார் 54 சதவீதம்தான் தண்டனையில் முடிந்தன. விடுதலையான அனைவரும் நிரபராதிகள் என்று நான் வாதாடவில்லை. சாட்சி பிறழ்ந்ததாலும் புலனாய்வு சரியில்லாததாலும் விழும் வழக்குகள் ஏராளம். ஆனால் தீர்ப்புக்கு முன்பே உள்ளே கழித்த மாதங்களை, விடுதலையானவருக்கு யாரும் திருப்பித் தருவதில்லை.

கைது என்பதே எல்லா வழக்குக்கும் கட்டாயம் அல்ல. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யாமல், தேவை இருந்தால் மட்டும் காரணத்தை எழுதி வைத்துக் கைது செய்ய வேண்டும், இல்லையேல் ஆஜராகும்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டும் அந்தக் காரணத்தைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். அதை மீறிய கைதுகள் தொடர்ந்ததால், 2022-ல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் அதே அறிவுரையை நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு கேஸ் முடிய ஏன் இத்தனை வருசம் இழுக்குது? வாய்தா மேல வாய்தாவா போடறாங்களே?

நீதிபதிகள் போதவில்லை என்பதே முதற்காரணம். பத்து லட்சம் மக்களுக்கு ஐம்பது நீதிபதிகள் வேண்டும் என்று 1987-லேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. இன்று வரை அதில் பாதியைக்கூட நாம் தொடவில்லை. மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றுக்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன.

மற்றவை சின்னச் சின்னக் காரணங்கள். தடய அறிவியல் ஆய்வறிக்கை வரவில்லை. புலனாய்வு அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாறிவிட்டார். பந்தோபஸ்து இருப்பதால் கைதியை அழைத்துவர வழிக்காவல் இல்லை. சாட்சி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒவ்வொன்றும் ஒரு வாய்தா. காவல் நீட்டிப்பு இப்போது பெரும்பாலும் காணொலியில் நடப்பதால், கைதியின் முகம் திரையில் சில நொடிகள் தெரிந்து மறைய, அடுத்த தேதி விழுகிறது. 2022-ன் இறுதியில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணைக் கைதிகளாகவே இருந்தவர்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர்.

பெயில் கெடச்சிருச்சுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. ஆனா பையன் இன்னும் சேலம் ஜெயில்லதான் இருக்கான். ஏங்க இப்படி?

ஜாமீன் உத்தரவு வேறு, வெளியே வருவது வேறு. உத்தரவில் பெரும்பாலும் ‘தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு’ என்பது போன்ற நிபந்தனை இருக்கும். அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும் என்று பலர் நினைத்துக் கடன் வாங்க ஓடுகிறார்கள். கட்ட வேண்டியதில்லை, கைதி வராமல் போனால் அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்கத் தகுதி உள்ளவர் என்று ஜாமீன்தாரர் காட்டினால் போதும். அந்தத் தகுதியைக் காட்டும் காகிதம்தான் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை. புறம்போக்கில் வீடு கட்டியவருக்கு வீட்டு வரி ரசீது இருக்காது. மானாவாரி நிலம் இருந்தாலும் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும்.

ஒருமுறை ஒரு பெரியவர், பேரனுக்கு ஜாமீன் கொடுக்க, ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது மூன்றையும் துணிக்கடைப் பையில் மடித்து எடுத்து வந்திருந்தார். ஆதாரில் அவர் பெயருக்கு முன்னால் ‘மு’, ரசீதில் ‘மா’. இருவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை. ஒரு தலைப்பெழுத்துக்காகப் பையன் திங்கள் வரை உள்ளே இருந்தான்.

இதற்கு வழிகள் உண்டு. ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து, ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லை என்றால், அவர் வசதியற்றவர் என்று கொண்டு சொந்தப் பிணையிலேயே விட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மற்ற குற்றங்களில், உத்தரவு கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஏழைக் கைதிகளுக்காக அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில், விசாரணைக் கைதி ஒருவருக்கு 40 ஆயிரம் ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25 ஆயிரம் ரூபாய் வரையிலும் உதவ அப்போது இடம் தரப்பட்டது. கேட்காதவருக்கு இவை எதுவும் தானாக நடப்பதில்லை.

செம்மரம் வெட்டப் போனவங்க, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவங்க அங்கேயே மாட்டிக்கிட்டா?

மேலே சொன்ன சிக்கல் அனைத்தும் இரண்டு மடங்காகும். வழக்கின் காகிதங்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கும். வீட்டார் ஒருமுறை மனு போட்டுப் பார்த்து வர இரண்டு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். ஜாமீன்தாரர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று கேட்கப்படும். சித்தேரி மலையிலிருந்து போன ஒருவருக்குத் திருப்பதியில் சொத்து வைத்திருக்கும் எந்த மனிதரைத் தெரியும்? 2013 டிசம்பரில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறையினர் கொல்லப்பட்ட வழக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட தமிழகத் தொழிலாளர்கள் கைதாயினர். பலர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்த பிறகு, 2016-ல் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

வெளியூர் ஜாமீனை மறுப்பது தவறு என்பது புதிய சட்டம் அல்ல. 1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அதை ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைக் கடுமையாகக் கண்டித்தார். முந்தைய பதிலில் சொன்ன 2023 வழிகாட்டுதலிலும், உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவது விடுதலையைத் தாமதமாக்குவதால் அந்த நிபந்தனையை விதிக்க வேண்டாம் என்று உள்ளது. எனவே வேறு மாநில வழக்காக இருந்தாலும் இந்த இரண்டையும் வக்கீலிடம் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் அழைத்து, எந்தச் சிறை என்று சொன்னால், அந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீலைக் கேட்கலாம்.

பாதி தண்டனைக் காலம் உள்ள இருந்துட்டா விட்டுடணும்னு சட்டம் இருக்காமே?

இருக்கிறது. ஒரு குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும் என்ற விதி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-ன் திருத்தத்தில் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. அந்தத் தேதிக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு மனு அனுப்ப வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது.

ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது இல்லை. ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இல்லை. பழைய திருட்டு வழக்குகளைச் சேர்த்துப் போடும் வழக்கம் உள்ள இடங்களில் இந்த இரண்டாவது விலக்கே முக்கால்வாசிப் பேரைத் தடுத்துவிடும் என்பது என் அச்சம்.

கஞ்சா கேசுல மட்டும் பெயிலே கெடைக்கறதில்லையே, ஏன்?

1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் 37-வது பிரிவு அப்படி. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. வணிக அளவு வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது என்றும், வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் கருதினால்தான் ஜாமீன் கொடுக்க முடியும். விசாரணை தொடங்குவதற்கு முன்பே விடுதலைத் தீர்ப்புக்கு அருகில் உள்ள ஒன்றைச் சொல்லும்படி நீதிபதியைக் கேட்பதற்கு இது சமம். சாதாரண வழக்குகளில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். இங்கே அது 180 நாள்.

ஒரு புதிய சட்டம் எத்தனை பேரை உள்ளே அனுப்பும், அவர்களை விசாரிக்க எத்தனை நீதிபதிகள் வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல் சட்டம் இயற்றுவதும் கூட்டத்துக்கு ஒரு காரணம். 2016-ல் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்த பீகாரில் நீதிமன்றங்கள் ஜாமீன் மனுக்களால் திணறியதை, அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா 2021-ல் வெளிப்படையாகவே சுட்டிக்காட்டினார்.

குண்டாஸ் போட்டா ஒரு வருசம் வெளிய வர முடியாதுங்கறாங்க. தமிழ்நாட்டு ஜெயிலு நெறையறதுக்கு அதுதான் காரணமா?

குண்டாஸ் என்று சொல்லப்படும் 1982-ன் தமிழகக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ், நம் மாவட்டங்களில் ஆட்சியர் உத்தரவிட்டால், விசாரணையே இல்லாமல் அதிகபட்சம் 12 மாதம் தடுப்புக் காவலில் வைத்திருக்கலாம். அந்த உத்தரவுகளை ஆராயும் அறிவுரைக் குழுமத்திலோ உயர் நீதிமன்றத்தின் ஆட்கொணர்வு மனுவிலோ பல உத்தரவுகள் முன்பே ரத்தாகின்றன. 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் இறுதியில் நாடு முழுவதும் தடுப்புக் காவலில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்தனர். பெருமைப்படத் தக்க முதலிடம் அல்ல.

இருந்தாலும், தமிழ்நாட்டுச் சிறைகளில் மொத்தமாகப் பார்த்தால் இடத்தைவிடக் கைதிகள் குறைவே. உண்மையான நெரிசல் உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் போன்ற மாநிலங்களில். 2022-ல் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 1.2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் இருந்தனர்.

உலகத்துலயே அமெரிக்காவுலதான் கைதி அதிகம்ங்கறாங்க. நம்ம நாடும் அந்த வழியிலதான் போகுதா?

அங்கே நடந்த கதை வேறு. 1970-ல் அமெரிக்காவின் மாநில, மத்தியச் சிறைகளில் சுமார் இரண்டு லட்சம் பேர் இருந்தனர். 2009-ல் பதினாறு லட்சத்தைத் தாண்டினர். உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்தால் உச்சத்தில் 23 லட்சம். 1973-ல் நியூயார்க் மாநிலத்தின் கடும் போதைப்பொருள் சட்டம், 1986-ல் நாடு தழுவிய குறைந்தபட்சக் கட்டாயத் தண்டனைகள், மூன்றாவது குற்றத்துக்கு இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை என்று 1994-ல் கலிபோர்னியா கொண்டுவந்த சட்டம் என ஒவ்வொன்றாகத் தண்டனைக் காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து அங்கே குற்றம் குறையத் தொடங்கிய பிறகும், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அதன் பிறகே அது இறங்கத் தொடங்கியது.

மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் அமெரிக்காவில் லட்சம் பேருக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறையில். இந்தியாவில் சுமார் நாற்பது பேர். அங்கே கூட்டம் பெருகியது தண்டனை நீண்டதால், இங்கே தீர்ப்பு வராததால். எனவே அங்கே செய்வது போலத் தண்டனைக் காலத்தைக் குறைப்பது மட்டும் இங்கே பெரிய பலன் தராது.

கொரோனா சமயத்துல நெறைய பேரை விட்டாங்களே, அப்ப கொறைஞ்சிருக்கணுமே?

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மாநிலங்கள் உயர்நிலைக் குழு அமைத்துப் பலரை விடுவித்தது உண்மை. தண்டனைக் கைதிகள் 2019-ல் இருந்த 1,44,125-லிருந்து 2020-ல் 1,12,589 ஆகக் குறைந்தனர். ஆனால் நீதிமன்றங்கள் மூடிக் கிடக்கக் கைதுகள் தொடர்ந்ததால், விசாரணைக் கைதிகள் 3,30,487-லிருந்து 3,71,848 ஆக உயர்ந்தனர். மொத்தத்தில் ஆண்டு முடிவில் பத்தாயிரம் பேர் கூடியிருந்தனர். மதகு பற்றி முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

புதுசா பத்து ஜெயிலு கட்டுனா பிரச்சினை தீந்துடாதா?

2015 முதல் 2022 வரை சுமார் 70 ஆயிரம் இடங்கள் சேர்க்கப்பட்டன. கைதிகள் ஒன்றரை லட்சம் கூடினர்.

உள்ள மூணு வேளை சோறு போடறாங்க, அதனாலதான் கூட்டம்னு எங்க ஊர்ல ஒருத்தர் சொல்றாரே?

விசாரணைக் கைதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அவர்களில் பலர் வீட்டின் ஒரே சம்பாத்தியக்காரர்கள். அவர் உள்ளே இருக்கும் நாட்களில் வெளியே எத்தனை பேருக்குச் சோறு குறைந்தது என்று அந்த நண்பரைக் கேளுங்கள்.

எப்பப் பாத்தாலும் கைதி பக்கமே பேசறீங்களே, பாதிக்கப்பட்டவங்க கதி என்ன?

நியாயமான கேள்வி. வழக்கு இழுப்பதால் பாதிக்கப்பட்டவரும்தான் காத்துக் கிடக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே தாமதத்தைத் தின்றவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அரூர் அருகே உள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் கைது செய்யப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

ஊர்மக்களை உள்ளே அனுப்ப ஒரு நாளும் தாமதம் ஆகவில்லை. அவர்களுக்குக் கொடுமை செய்தவர்கள் மீதான தீர்ப்பு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டதால், மீதமிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 செப்டம்பரில்.